அத்தை வீட்டுக் காற்று

1

தென் ஜெர்மனியில் நாங்கள் இருக்கும் இந்த மலையடிவாரச் சிற்றூரில் எங்களுக்கு வீடு கிடைத்தபோது, வாடகை ஒப்பந்தத்திலேயே ஒரு வரி இருந்தது. குடியிருப்பவர் தினமும் சன்னல்களை அகலத் திறந்து வீட்டுக்குக் காற்றோட்டம் தர வேண்டும். படித்துவிட்டுச் சிரித்தேன். எங்கள் ஊர் வீரபாண்டியில் வளர்ந்தவனிடம் சன்னலைத் திறக்கச் சொல்லிக் கையெழுத்து வாங்குகிறார்களே என்று.

பிறகு பனிக்காலம் வந்தது. குளிருக்குப் பயந்து எல்லாவற்றையும் இறுகச் சாத்திக்கொண்டு, உள்ளேயே சாம்பார் கொதிக்க வைத்து, உள்ளேயே துணி காயப்போட்டோம். தை பிறப்பதற்குள் படுக்கையறைச் சுவரில் கரும்புள்ளிகளாகப் பூஞ்சை பூத்துவிட்டது. வீட்டுக்காரம்மா வந்து பார்த்தார். இரண்டு பக்கத்துச் சன்னலையும் ஒரே நேரத்தில் திறந்து காற்றைக் குறுக்கே ஓடவிட வேண்டும் என்றார். அதற்கு அவர் சொன்ன சொல்லில் 'ட்சூக்' என்று வந்தது. எனக்குத் தெரிந்து அந்தச் சொல்லுக்கு ரயில் என்று மட்டும்தான் பொருள். மிகவும் பணிவாக, நான் வேலைக்கு ரயிலில் போவதில்லை அம்மா, பேருந்தில்தான் போகிறேன் என்று பதில் சொன்னேன். அவர் என்னை உற்றுப் பார்த்தார். பிறகு கண்ணில் நீர் வரச் சிரித்தார். இன்றைக்கும் மாடிப்படியில் என்னைக் கண்டால், ரயில் நேரத்துக்கு வந்ததா என்று கேட்பார்.

அந்தப் பூஞ்சைக் காலத்தில்தான் கைக்குழந்தையாக இருந்த என் மகள் நிலாவுக்கு முதல் தடவையாக மூச்சு இழுப்பு வந்தது. அதுவரை காற்று என்பதைப் பற்றி நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. மருத்துவர் சொன்னபடி பூஞ்சையைச் சுரண்டி, சுவரைக் காயவைத்து, உறைபனியிலும் காலையும் மாலையும் சன்னலைத் திறக்கப் பழகினோம். நடுங்கிக்கொண்டே திறப்போம். இழுப்பு குறைந்தது. ஆனால் நின்றுவிடவில்லை.

2

அப்பாவும் அம்மாவும் காலமான பிறகு எனக்கு ஊர் என்றால் பரிமளம் அக்கா வீடுதான். அக்காவும் பழனிச்சாமி மாமாவும் வீரபாண்டியில் பனியன் துணி பின்னிக் கொடுக்கிறார்கள். கீழே நான்கு வட்டப் பின்னல் மிஷின்கள், மேலே வீடு. பெரும்பாலும் கோடு போட்ட துணி, அதனால் சாயம் ஏற்றிய நூல்தான் ஓடும். மிஷின் கொட்டகைக்குள்ளிருந்து ஒரு படிக்கட்டு நேராக வீட்டுக் கூடத்துக்குள் ஏறும். மாமாவுக்கு அது பெரிய வசதி. சோறு தின்றுகொண்டிருக்கும்போது நூல் அறுந்தால், கை கழுவுவதற்கு முன்னாலேயே கீழே இறங்கிவிடுவார். அந்தப் படி வழியாக மாமா ஏறி வருவார், சத்தம் ஏறி வரும், கூடவே பஞ்சும் வரும்.

நான் இங்கே பார்ப்பதும் அந்த மிஷின்களின் வேலைதான். பின்னல் மிஷின் செய்யும் ஒரு கம்பெனியில் பழுது பார்க்கும் பிரிவில் இருக்கிறேன். மிஷின் தலையில் சின்னச் சின்ன விசிறிகள் சுற்றிக்கொண்டே இருக்கும். நூலிலிருந்து உதிரும் பஞ்சு ஊசியில் படியாமல் ஊதித் தள்ளுவதற்காக. இத்தனை வருடத்தில் எத்தனையோ விசிறிகளைக் கழற்றி மாட்டியிருக்கிறேன். தள்ளிய பஞ்சு எங்கே போகிறது என்று மட்டும் யாரும் என்னைக் கேட்டதில்லை. நானும் கேட்டுக்கொண்டதில்லை.

நிலாவுக்கு ஐந்து வயதானபோது ஊருக்குப் போயிருந்தோம். மூன்றாம் நாள் காலை அவள் மார்பு விசில் போல ஒலிக்கத் தொடங்கியது. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். முகத்தில் மாஸ்க் மாட்டி நெபுலைசர் வைத்தார்கள். அக்கா அவள் காலைப் பிடித்துக்கொண்டு கட்டில் ஓரத்திலேயே உட்கார்ந்திருந்தாள். மீதி விடுமுறையை அவிநாசியில் என் மனைவி சுமதியின் அம்மா வீட்டில் கழித்தோம். அக்கா வீட்டுக்கு விருந்தாளி போல வாசல் வரை வந்து வந்து போனோம்.

நிலா அதை மறக்கவில்லை. போன வருடம், இந்த நாட்டுக்கு வந்து பத்து ஆண்டுகள் நிறைந்த சமயத்தில், அக்கா மகள் கவிதாவுக்குக் கல்யாணம் முடிவானது. நான் தாய்மாமன். போகாமல் இருக்கிற பேச்சே இல்லை. நிலா முள்கரண்டியைத் தட்டில் வைத்துவிட்டு, தான் வரவில்லை, பள்ளித் தோழி வீட்டில் தங்கிக்கொள்கிறேன் என்று ஜெர்மன் மொழியில் சொன்னாள். தமிழில் சொல்லு என்றாள் சுமதி. கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்:

"அத்தை வீட்டுல காத்து இல்ல."

அடுத்த வாரம் அக்கா போனில் கேட்டபோது என்னால் மறைக்க முடியவில்லை. அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "கொழந்த சொல்றது நெசந்தான் தம்பி" என்றாள். அப்புறம் பந்தக்கால் நடுகிற நாளைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டாள். நடுநடுவே இருமினாள். அவள் பல வருடமாக இருமிக்கொண்டுதான் இருந்தாள். கேட்டுக் கேட்டு எங்களுக்கு அது அவள் குரலின் ஒரு பகுதியாகவே ஆகிவிட்டிருந்தது.

3

இங்கே பள்ளி நடக்கும் நாளில் பிள்ளையை வெளியூர் அழைத்துப் போவது லேசுப்பட்ட காரியமல்ல. தலைமையாசிரியையிடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். கல்யாணம் யாருக்கு என்று கேட்டார். என் அக்கா மகளுக்கு என்றேன். அப்படியென்றால் குழந்தைக்கு அத்தை மகள், அது நெருங்கிய உறவில் வராதே என்றார். மாமாவும் சித்தப்பாவும் அத்தை புருஷனும் ஒரே சொல்லில் அடங்கிவிடுகிற மொழியில் தாய்மாமனை எப்படி விளக்குவது? சீர்த்தட்டு, மாலை, மேடை எல்லாவற்றையும் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். கடைசியில், நான் போகாவிட்டால் கல்யாணம் நடக்காது என்று ஒரு போடு போட்டேன். அவர் பேனாவை எடுத்து, தந்தைக்குச் சடங்கில் கட்டாயப் பொறுப்பு உண்டு என்று எழுதி முத்திரை குத்தினார். அதைப் பார்த்து எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

பள்ளியின் அனுமதி கிடைத்தது. நிலாவின் சம்மதம் கிடைக்கவில்லை.

அப்போதுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீடியோவில் கூப்பிட்டாள். வழக்கமாகச் சமையலறையில் நின்று பேசுகிறவள், அன்றைக்குப் போனைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். மேலே கோடியில், பழைய சாமான்கள் போட்டு வைத்திருந்த அறைக்குப் போனாள். அறை காலியாக இருந்தது. சுவருக்கு வெள்ளை அடித்திருந்தது. புதுக் கட்டில், புது மெத்தை. மேசை மேல் ஒரு பெட்டி ஊதா நிறத்தில் ஒளிர்ந்துகொண்டிருந்தது.

"நிலாக் கண்ணு, இது உன்ற ரூமு. காத்தைச் சுத்தம் பண்ற மிஷினு வாங்கி வெச்சிருக்கறோம். உனக்கு ஒண்ணும் ஆகாது சாமி."

மாமா பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். அது அல்ட்ரா வயலட் விளக்கு, காற்றில் இருக்கிற கிருமி அத்தனையும் செத்துவிடும் என்று கடைக்காரர் சொன்னதாகச் சொன்னார். போட்ட கொஞ்ச நேரத்தில் அறையே மழை பெய்த மாதிரி மணக்கிறது என்றும் சொன்னார்.

 நிலா பேச்சு முடியும்வரை திரையை விட்டு நகரவில்லை. தூங்கப் போகும்போது, அந்த ஊதா விளக்கு எப்போதும் எரியுமா என்று கேட்டாள்.

4

மழை பெய்த மாதிரி மணக்கிறது என்று மாமா சொன்னது எனக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. எங்கள் பட்டறையில் வெல்டிங் வைக்கும்போது அப்படி ஒரு காரமான வாசனை எழும். ஓசோன். மறுநாள் நிலாவின் மருத்துவரிடம் கேட்டேன். அவர் பொறுமையாக விளக்கினார். புற ஊதா விளக்கு நல்லதுதான், ஆஸ்பத்திரிகளிலும் வைத்திருக்கிறார்கள். ஆனால் மலிவான சில விளக்குகள் கிருமியைக் கொல்கிற கையோடு ஓசோனையும் கக்கும். இழுப்பு இருக்கிறவர் நெஞ்சுக்கு அது ஆகாது. வாசனை வருகிறதென்றால் நிறுத்திவிடச் சொல்லுங்கள் என்றார். இன்னொன்றும் சொன்னார். விளக்கால் கிருமியைக் கொல்ல முடியும், தூசியைப் பிடிக்க முடியாது.

எனக்கே தோன்றியிருக்க வேண்டும். பஞ்சுக்கு ஏது உயிர், சாவதற்கு?

இதை அக்காவிடம் எப்படிச் சொல்வது? வெள்ளையடித்து, மெத்தை வாங்கி, கல்யாண வேலைக்கு நடுவில் அவள் உண்டாக்கிய அறை அது. சுமதி, நேராகச் சொல்லிவிடுங்கள், சுற்றி வளைத்தால்தான் அவர்களுக்கு அதிகம் வலிக்கும் என்றாள். சொன்னேன்.  

"நான் ரெண்டு வாரமா அந்த ரூமுலதான் படுக்கறேன் தம்பி" என்றாள். "கொழந்தைக்கு வெக்கறதுக்கு முன்னால நாம படுத்துப் பாத்தரலாம்னு. இருமலு முன்னைய விட எச்சாத்தான் இருந்துச்சு. கல்யாண அலைச்சல்னு நெனச்சுட்டேன்."

 அந்தப் பெட்டியை உடனே அணைக்கச் சொன்னேன். அணைத்துவிட்டு வந்தவள், "செரி, அதை உட்டுத்தள்ளு. எது வாங்கோணும்னு சொல்லு" என்றாள்.

அக்காவின் குணமே அதுதான். ஒன்று சரியில்லை என்றால் அதன் பக்கத்தில் உட்கார்ந்து அழமாட்டாள்.

மாமாவுக்குத்தான் மனசு ஆறவில்லை. கடைக்காரர் பொய் சொல்லிவிட்டார் என்று குதித்தார். கடைக்குப் போனபோதோ விஷயம் வேறாக இருந்தது. கடைக்காரருக்கே அது தெரியாது. வாசனை வருவது நல்லது என்றுதான் அவரும் நம்பியிருந்தார். நான் போனில் விளக்கியதைக் கேட்டுவிட்டு, அதைத் திரும்ப எடுத்துக்கொண்டு வேறு ஒன்றைக் கொடுத்தார். முன்னால் கழற்றிச் சுத்தம் செய்கிற வலை, அதற்குப் பின்னால் மடிப்பு மடிப்பாகக் காகிதம் வைத்த பில்டர், அதற்கும் உள்ளே, வெளிச்சம் கண்ணில் படாதபடி முழுக்க மூடிய புற ஊதா விளக்கு. ஓசோன் வராத விளக்கு என்று பெட்டியிலேயே அச்சிட்டிருந்தது. மாமா ஒரு மணி நேரம் ஓடவிட்டு, மூக்கை அருகில் கொண்டுபோய் முகர்ந்து பார்த்து, ஒரு வாசமும் இல்லை என்று ஏமாற்றத்தோடு சொன்னார்.

இத்தனை கூத்தையும் நிலா சோபாவில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அந்த வார இறுதியில் அவளாகவே தன் இன்ஹேலரை எடுத்துப் பயணப் பையில் வைத்தாள்.

5

நாங்கள் போய் இறங்கியபோது மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. அக்கா கொட்டகையிலிருந்து வெளியே வந்தாள். புடவையிலும் தலைமுடியிலும் ரோஸ் நிறப் பஞ்சு. நிலா ஒரு அடி எடுத்து வைத்தாள். அக்கா இரண்டு அடி பின்னால் போனாள்.

"இரு கண்ணு, கிட்ட வராத. அத்தை மேலெல்லாம் பஞ்சு. சித்த இரு, தண்ணி வாத்துக்கிட்டு வந்தர்றேன்."

மூன்று வருடமாகப் பார்க்காத பிள்ளை. ஓடி வந்து கட்டிக்கொள்ளக்கூடத் தயங்கி, ஈரத் தலையோடு, வேறு புடவை மாற்றிக்கொண்டு வந்த பிறகுதான் அக்கா அவளைத் தொட்டாள். நிலா அதற்குள் நான்கு முறை குளியலறைக் கதவைப் பார்த்துவிட்டாள். அத்தை வெளியே வந்ததும் அவள்தான் ஓடிப்போய் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் காலையை நானும் சுமதியும் வாய்விட்டுச் சொல்லாமல் எதிர்பார்த்துக்கொண்டிருந்தோம். அது வந்தது. நிலா எழுந்து வந்து, பசிக்கிறது என்றாள். அவ்வளவுதான்.

ஒரு வாரம் கழித்து வலையைச் சுத்தம் செய்ய மாமா பெட்டியை நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மூடியைக் கழற்றினார். வலை முழுவதும் கம்பளி போல ஒரு படலம். ரோஸ் நிறம், நடுவில் கொஞ்சம் நீலம். நிலா அதை விரலால் உரித்தாள். ஒரே துண்டாக வந்தது. "துணி மாதிரி இருக்கு" என்று சிரித்தாள். அந்த வாரம் கீழே ஓடியது ரோஸும் நீலமும் கலந்த கோட்டுத் துணி.

மற்ற யாரும் சிரிக்கவில்லை. மாமா அந்தத் துண்டை உள்ளங்கையில் வாங்கிப் பார்த்துக்கொண்டே நின்றார். அந்த அறைக்குக் கதவு உண்டு, எப்போதும் சாத்தியே இருக்கும். படிக்கட்டிலிருந்து அதுதான் தூரமான அறை. அங்கேயே இவ்வளவு.

"ஏனுங்க" என்றாள் அக்கா மெதுவாக, "அப்ப கூடத்துல எத்தன இருக்கும்?"

மாமா அந்தத் துண்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

கல்யாணம் நன்றாக நடந்தது. தாய்மாமன் சீர்த்தட்டோடு நான் மண்டபத்துக்குள் நுழைந்தபோது, தலைமையாசிரியையின் முத்திரை ஞாபகம் வந்து சிரிப்பை அடக்க முடியவில்லை. வீடு நிறைய உறவு, உறவு நிறையச் சளி. பிள்ளைகள் அத்தனை பேரும் நிலாவின் அறையில்தான் அடைந்து கிடந்தார்கள். இரண்டு பேருக்குத்தான் சளி ஒட்டியது. அது விளக்கு செய்த வேலையா, பிள்ளைகளின் நல்ல நேரமா என்று என்னால் சொல்ல முடியாது. மாமா மட்டும் வருகிறவர்களிடமெல்லாம் விளக்குதான் என்று அடித்துச் சொன்னார்.

நான் கவனித்தது வேறு. அக்காவும் அந்த அறையில்தான், நிலாவை அணைத்துக்கொண்டு படுத்தாள். கல்யாண அலைச்சல் அத்தனைக்கும் நடுவில் அவள் இருமல் குறைந்திருந்தது. சுமதிதான் அதை முதலில் சொன்னாள். மண்டபம் காலி செய்த மறுநாள், வேண்டாம் வேண்டாம் என்றவளை நெஞ்சு மருத்துவரிடம் கூட்டிப்போனோம். பஞ்சுத் தூசியால் மூச்சுக்குழாய் சுருங்கியிருக்கிறது, காலம் கடந்துவிடவில்லை என்றார் அவர். இன்ஹேலர் எழுதிக் கொடுத்தார். மிஷினருகே நிற்கும்போது நல்ல மாஸ்க் போடச் சொன்னார். அக்கா அந்தப் பெட்டியைப் பற்றிச் சொன்னதும், அது இருக்கட்டும், ஆனால் ஒரு அறையைத்தான் அது காக்கும், வீட்டுக்குள் பஞ்சு வருகிற வழியை முதலில் அடையுங்கள் என்றார்.

வழி எது என்று எல்லோருக்கும் தெரியும். மாமா அந்தப் படியை அடைக்க ஒப்பவில்லை. ராசியான படி, அந்தப் படி வைத்த பிறகுதான் இரண்டு மிஷின் நான்கானது என்றார். நான் அதிகம் பேசவில்லை. பேசினால் வெளிநாட்டிலிருந்து வந்து புத்தி சொல்கிறேன் என்று ஆகிவிடும். கிளம்புகிற அன்று அக்காதான் சொன்னாள், என்னிடம் அல்ல, மாமாவிடம்.

"நாளைப்பின்ன கவிதா ஒரு கொழந்தையத் தூக்கிட்டு வருவா. அதையும் வாசல்ல வெச்சுப் பாத்துட்டு அனுப்பறதுங்களா?"

மாமா எங்கள் பெட்டியைக் காரில் ஏற்றுவதில் மும்முரமாக இருப்பதுபோல் காட்டிக்கொண்டார்.

6

திரும்பி வந்த பிறகு ஞாயிற்றுக்கிழமைப் பேச்சு எங்கள் கையைவிட்டுப் போய்விட்டது. முன்பெல்லாம் நிலாவை இழுத்துவந்து திரை முன்னால் நிறுத்த வேண்டும். ஒரு வணக்கம் சொல்லிவிட்டு ஓடிவிடுவாள். இப்போது அத்தை வலையைக் கழற்றுகிற நேரம் அது. என்ன நிறம் என்று இவள் முதலில் சொல்ல வேண்டும், அப்புறம்தான் அக்கா வலையைக் காட்டுவாள். இதற்காகவே நிலா தமிழில் நிறங்களைக் கற்றாள். கத்தரிப்பூ, கிளிப்பச்சை, மயில் கழுத்து, காவி. சுமதி வருடக்கணக்கில் அட்டை வெட்டிச் சொல்லிக்கொடுத்தும் ஏறாத சொற்கள். ஒருமுறை வகுப்பில் ஓவியம் வரையும்போது கத்தரிப்பூ நிறம் வேண்டும் என்று ஆசிரியையிடம் தமிழிலேயே கேட்டுவிட்டாளாம்.

மாமா படியைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஆடி முடிந்து ஆவணி பிறந்ததும், கொட்டகைக்கு வெளியே இரும்புப் படி போடுகிறார் என்று கவிதா சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. உள்ளே இருந்த வழியைச் செங்கல் வைத்து அடைத்துப் பூசிவிட்டாராம். கொட்டகைச் சுவரில், காற்றை வெளியே இழுக்கிற பெரிய விசிறி ஒன்றும், அது தள்ளுகிற பஞ்சு தெருவுக்குப் போகாமல் பிடிக்க ஒரு பையும் மாட்டியிருக்கிறார். இப்போது சாப்பாட்டுக்கு நடுவில் நூல் அறுந்தால் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். தொப்பை குறைகிறது என்று அக்கா சொன்னாள். 

போன ஞாயிறு பேசினோம். இங்கே குளிர் தொடங்கிவிட்டது. சுமதி சன்னலைத் திறந்துவிட்டிருந்ததால் நிலா போர்வையைச் சுற்றிக்கொண்டு திரை முன்னால் உட்கார்ந்திருந்தாள். ரோஸ் என்றாள். இல்லை என்றாள் அக்கா. மயில் கழுத்து. அதுவும் இல்லை. காவி, பச்சை, மஞ்சள் எல்லாம் சொல்லிப் பார்த்துவிட்டு, தோற்றுவிட்டதாக ஒப்புக்கொண்டாள். அக்கா வலையைத் தூக்கிக் காட்டினாள். ஓரத்தில் மெல்லிய சாம்பல் கோடு ஒன்றைத் தவிர வேறு எதுவும் இல்லை. வலைக் கண்களுக்குப் பின்னால் அக்காவின் முகம் தெளிவாகத் தெரிந்தது.

நிலாவின் முகம் வாடிவிட்டது.

"இந்த வாரம் மிஷின் ஓடலீங்களா அத்தை?"

"ஓடுச்சு சாமி" என்றாள் அக்கா, வலையை இறக்காமலே. "நாலும் ஓடுச்சு."